‘எண்டு’ சொல்லும் ஊரில் நவுன் க்ளோஸ்: ஆங்கில இலக்கணமும் தொழில் வாழ்க்கையும்

ஏறாவூரில் ஆங்கிலம் யாருக்குத் தேவை என்று ஒரு தலைமுறைக்கு முன் கேட்டிருந்தால், ஆசிரியருக்கு, கந்தோரில் இருக்கும் எழுதுவினைஞருக்கு, வங்கிக்காரருக்கு என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லியிருப்பார்கள். இன்று அந்தப் பட்டியல் நீண்டுவிட்டது. புன்னைக்குடாப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையில் லைன் சுப்பவைசராக இருக்கும் பெண்ணுக்கு அது வேண்டும். பாசிக்குடா ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நிற்கும் இளைஞனுக்கு வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்கோ விவசாய பீடத்துக்கோ போகும் பிள்ளைக்கு, முதல் விரிவுரையிலிருந்தே வேண்டும். கட்டாரில் காவல் கடமை பார்த்துவிட்டு விடியற்காலையில் சம்பவ அறிக்கை எழுதும் குடும்பத்தலைவருக்கும் வேண்டும்.

இவர்கள் எல்லோரும் தடுக்கி நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பள்ளியில் வருடக்கணக்காக ஆங்கிலம் படித்தவர்களுக்குத் தனி வாக்கியம் வரும்: “ஐ வேர்க் இன் ஏறாவூர்.” கேள்வியும் வரும்: “வெயார் டூ யூ வேர்க்?” ஆனால் ஒருவர் எங்கே வேலை செய்கிறார் என்று தமக்குத் தெரியாது என்பதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் நின்றுவிடுகிறது. ஒரு வாக்கியத்தை இன்னொரு வாக்கியத்துக்குள், பெயர்ச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பேச வேண்டிய தருணம் அது. ஆங்கில இலக்கணம் இதை நவுன் க்ளோஸ் என்கிறது. பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்யும் துணைவாக்கியம் என்று நாம் சொல்லலாம்.

இந்த ஒரு இலக்கணப் பகுதியைத் தொழில் வாழ்க்கையோடு சேர்த்துக் கற்பிப்பது பற்றி இதுவரை என்னென்ன சொல்லப்பட்டிருக்கிறது, அதில் எது நமக்கு உதவும், எது உதவாது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நவுன் க்ளோஸ் இலக்கணப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அல்ல. பதவி உயர்வின் முதல் அத்தியாயம். அதற்குள் நுழையும் வாசல் நம்முடைய தமிழிலேயே இருக்கிறது.

வேலைத்தளத்தின் அடிநிலையில் இருப்பவரிடம் வந்து சேரும் ஆங்கிலம் பெரும்பாலும் கட்டளைதான். கொண்டு வா, நிறுத்து, இதைத் தை, அதை மூடு. அதற்கு ஒற்றை வினைச்சொற்களே போதும். எழுபதுகளின் இறுதியிலிருந்து வளைகுடாவுக்குப் போன முதல் தலைமுறை அப்படித்தான் காலம் தள்ளியது. மேற்பார்வையாளரானதும் மொழியின் வேலை மாறிவிடுகிறது. மேலே இருப்பவர் சொன்னதைக் கீழேயும், கீழே நடந்ததை மேலேயும் சொல்ல வேண்டும். ஏற்றுமதி ஏன் தாமதமாகிறது என்று பையர் கேட்கிறார். இயந்திரம் எப்போது சரியாகும் என்று மெக்கானிக்கிடம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. சிகிச்சை பெறுபவர் எங்கே வலிக்கிறது என்கிறார் என்பதைத் தாதி வைத்தியரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனையும் பிறர் சொன்னது, கேட்டது, நினைத்தது, தெரியாதது பற்றிய பேச்சு. நவுன் க்ளோஸ் இல்லாமல் இவற்றில் ஒன்றையும் சொல்ல முடியாது. வேலை தெரிந்தவர் பதினைந்து வருடம் அதே நிலையில் இருக்க, வேலை சுமாராகத் தெரிந்தாலும் அறிக்கை எழுதத் தெரிந்தவர் மேலே போய்விடுவதை நம் ஊர் வீடுகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது அந்த ஒரே ஆண்டில் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். அவர்கள் எந்தப் படியில் வேலைக்குச் சேர்கிறார்கள், எத்தனை வருடத்தில் அடுத்த படிக்குப் போகிறார்கள் என்பதில் இந்த மொழித்திறனுக்கும் பங்கு உண்டு.

நவுன் க்ளோஸுக்கும் உத்தியோகத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஓல்ட் அடுத்த ஆண்டே இறந்துபோனார். கோல்புறூக் விசாரணைக்குப் பின் வந்த 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் ஆங்கிலக் கல்வியை அரசாங்க உத்தியோகத்தோடு இறுகக் கட்டின. அதிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கிலம் படிப்பது என்றால் கந்தோரில் கடிதம் எழுதப் படிப்பது என்றே பொருள். அக்கடிதங்கள் ஒரே அச்சில் தொடங்கும்: இன்னது நடந்தது என்பதைத் தங்களுக்கு அறிவிக்கும் பெருமை எனக்கு உண்டு. எழுதுபவரின் பணிவு எல்லாம் முதல் பாதியில். விடயம் முழுவதும் ‘தட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் நவுன் க்ளோஸில்.

அதே அச்சு தமிழுக்கும் வந்தது. இன்றும் ஏறாவூர் நகர சபைக்கோ பிரதேச செயலகத்துக்கோ ஒரு விண்ணப்பம் எழுதினால், “மேற்படி காணி எனது பெயரில் உள்ளது என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகின்றேன்” என்று எழுதுகிறோம். “அறியத்தருகின்றேன்” என்று முடிக்கிறோம். பாடசாலையை இடையில் விட்டவர்கூட இந்த வாக்கியத்தைப் பிசகில்லாமல் எழுதுவார். அந்த ‘என்பதை’யோடு முடிவது முழுமையான நவுன் க்ளோஸ். நமக்குத் தெரியாத இலக்கணம் என்று யாரும் இதைப் பற்றிச் சொல்லக்கூடாது.

1945இன் இலவசக் கல்வியும் அதைத் தொடர்ந்த தாய்மொழிக் கல்வியும் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டன. 1956இல் சிங்களம் மட்டும் அரச மொழியானது. ஆங்கிலம் இரண்டாம் மொழிப் பாடமாகச் சுருங்கியது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இவ்வளவு மாற்றங்களுக்கு நடுவில் மாறாமல் தங்கியது இலக்கணம் கற்பிக்கும் முறை. நெஸ்ஃபீல்டும், பின்னர் 1930களில் ரென்னும் மார்ட்டினும் இந்திய மாணவர்களுக்காக எழுதிய இலக்கணப் புத்தகங்களின் வாய்பாடு நம் டியூட்டரிகளில் இன்னமும் உயிரோடு இருக்கிறது. நவுன் க்ளோஸ் எழுவாயாக வரும், செயப்படுபொருளாக வரும், முன்னிடைச் சொல்லுக்குப் பின் வரும், நிரப்பியாக வரும், ஒட்டாக வரும். மாணவர் அடிக்கோடிட்டுப் பெயர் எழுதுவார், புள்ளி வாங்குவார். அந்த வாக்கியத்தைத் தானாக ஒருமுறைகூடப் பேசியிருக்க மாட்டார்.

அந்த வாய்பாட்டின் வரிசையும் பிழை. அது எழுவாயில் தொடங்கும்: “தட் ஹி இஸ் ஆனஸ்ட் இஸ் நோன் டு எவ்ரிவன்.” இப்படி யாரும் பேசுவதில்லை. டக்ளஸ் பைபரும் குழுவினரும் 1999இல் வெளியிட்ட லோங்மன் இலக்கணம் கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட உண்மையான பேச்சையும் எழுத்தையும் எண்ணிப் பார்த்தது. ‘தட்’ துணைவாக்கியங்களை அதிகம் ஏற்பவை ‘திங்க்’, ‘சே’, ‘நோ’ என்ற மூன்று வினைகள். பேச்சில் ‘தட்’ என்ற சொல்லே பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. எழுவாய் இடத்தில் வரும் ‘தட்’ துணைவாக்கியம் பேச்சில் மிக அரிது. நம் பாடநூல்கள் அரிதானதில் தொடங்கி, அன்றாடம் வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகின்றன. தொழிலுக்குப் போகும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது “ஐ திங்க்”, “ஹி செட்”, “ஐ டோன்ட் நோ” என்ற தொடக்கங்களும் அவற்றின் பின் வருபவையும்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். டீசலும் டொமசெல்லோவும் 2001இல் காட்டியதுபோல, அவர்களின் முதல் நவுன் க்ளோஸ்கள் “ஐ திங்க்” போன்ற கட்டிச் சொற்களின் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவை. கட்டமைப்பு விரிவது அதற்குப் பிறகு.

இனி, நம்மவர் எங்கே, ஏன் தடுக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

மாலை வகுப்பில் ஒரு நாள், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: “சேர், தமிழில ‘எங்க வேலை செய்யிறார்’ எண்டு கேட்டாலும், ‘எங்க வேலை செய்யிறார் எண்டு தெரியா’ எண்டு சொன்னாலும் ஒண்டுதானே. இங்கிலீஷில மட்டும் ஏன் மாத்தணும்?” “நீங்க கேட்டதுதான் மகள், இண்டைய பாடம்” என்றேன். அவள் சொன்னது சரி. தமிழில் கேள்வியைப் பிறிதொரு வாக்கியத்துக்குள் வைக்கும்போது எதையும் இடம் மாற்றுவதில்லை. முழுக் கேள்வியையும் அப்படியே தூக்கிவைத்து, கடைசியில் ‘எண்டு’, அதாவது எழுத்துத் தமிழின் ‘என்று’, போட்டால் முடிந்தது. ஆங்கிலத்திலோ நேரடிக் கேள்வியில் ‘இஸ்’ முன்னால் வருகிறது; உள்ளே போனதும் பின்னால் போய்விடுகிறது. “வெயார் இஸ் ஹி?” என்பது “ஐ டோன்ட் நோ வெயார் ஹி இஸ்” ஆகிறது. பாடுபட்டுப் படித்த இடமாற்றத்தை இங்கே மறக்கச் சொல்கிறார்கள். நம்மவர் “ஐ டோன்ட் நோ வெயார் இஸ் ஹி” என்பது இதனால்தான்.

1957இல் ரொபர்ட் லாடோ இதை முதல் மொழியின் தலையீடு என்று விளக்கியிருப்பார். 1967இல் கோர்டர், கற்பவரின் பிழை என்பது அவர் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதைக் காட்டும் சான்று என்றார். 1972இல் செலிங்கர், கற்பவரின் மொழிக்கே ஒரு தனி ஒழுங்கு உண்டு என்றார். இந்த வரிசையில் நமக்கு மிகவும் பயன்படுவது மான்ஃப்ரெட் பியனெமனின் 1998ஆம் ஆண்டு ஆய்வு. ஆங்கிலம் கற்கும் எவரும், அவருடைய தாய்மொழி எதுவாயினும், குறிப்பிட்ட படிகளைக் குறிப்பிட்ட வரிசையில்தான் ஏறுகிறார் என்பது அவரது முடிவு. உட்பொதிந்த கேள்வியில் அந்த இடமாற்றத்தை நீக்குவது ஆறாவது படி, அதாவது கடைசிப் படி. முந்தைய படிகள் பிடிபடாமல் இதைக் கற்பித்தால் ஒட்டாது என்பதும் அவர் சொன்னதே. இதைப் படித்த பிறகு, பத்தாம் வகுப்புப் பிள்ளை இதில் பிழை விடும்போது கோபப்பட ஓர் ஆசிரியருக்கு நியாயம் இல்லை.

ஆனால் லாடோவை முழுவதும் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. தமிழின் பங்கு இங்கே இடமாற்றத்தோடு முடிவதில்லை. தமிழில் துணைவாக்கியம் முதலில் வரும். அதை மூடும் ‘என்று’ அதன் கடைசியில் வரும். தலைமை வினை அதற்கும் பின்னால். ஆங்கிலத்தில் தலைமை வினை முதலில், இணைப்புச் சொல் அடுத்து, விடயம் கடைசியில். தமிழர் பேசத் தொடங்கும்போது மனதில் முதலில் எழுவது விடயம். அதைச் சொல்லிவிட்டு, யார் சொன்னார் என்று சேர்க்கும் பழக்கம் நமக்கு. ஆங்கிலம் முதல் சொல்லிலேயே யார் சொன்னார், சொன்னாரா கேட்டாரா என்று தீர்மானிக்கச் சொல்கிறது. வாய் நின்றுபோகும் அந்த நொடி அறியாமையினால் வருவதல்ல. வாக்கியத்தைத் தலைகீழாகத் திட்டமிட வேண்டியிருப்பதால் வருவது.

தமிழில் ‘என்று’ எல்லா வேலையும் செய்கிறது. கூற்றுக்கும் அதுவே, கேள்விக்கும் அதுவே, நினைப்புக்கும் அதுவே. ஆங்கிலத்தில் அதைப் பிரித்துப் போட வேண்டும். எனவேதான் “ஹி ஆஸ்க்ட் தட் வெயார் ஆர் யூ கோயிங்” என்ற வாக்கியம் பிறக்கிறது. இதற்குத் தீர்வு தமிழிலேயே உண்டு. ‘எண்டு’ என்பதற்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள் என்று சொன்னால் போதும். அது ‘ஆ’ என்று முடிந்தால், “வேலை இருக்கா எண்டு கேட்டன்” என்பதுபோல, ஆங்கிலத்தில் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’. உள்ளே எங்கே, எப்போது, ஏன், யார் என்று ஒரு வினாச்சொல் இருந்தால் அந்தச் சொல்லே இணைப்பு, வேறொன்றும் வேண்டாம். இரண்டும் இல்லையென்றால் ‘தட்’, அல்லது பேச்சில் ஒன்றுமே இல்லை. இலக்கணப் பெயர் எதுவும் தெரியாத வெல்டர் ஒருவர் இந்த மூன்றையும் ஒரே மாலையில் பிடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். “என்ன செய்யிறது எண்டு தெரியா” என்பதற்கு “ஐ டோன்ட் நோ வாட் டு டூ” என்ற குறுக்குவழி இருப்பதையும் முதல் நாளே கொடுத்துவிடலாம். அந்த ‘வாட் டு டூ’வில் எழுவாயும் இல்லை, காலமும் இல்லை. பிழைவிட இடமே இல்லை.

அடுத்தது, என் பார்வையில் மிகப் பாரதூரமானது: ஆளை மாற்றிச் சொல்வது. தமிழில் பிறர் பேச்சை அவர் சொன்னபடியே வைக்கலாம். “நான் ஐந்து மணிக்கு வருவேன் என்று டிரைவர் சொன்னார்.” வருவது டிரைவர் என்பதில் தமிழருக்கு ஐயமே இல்லை. பாசிக்குடாவில் வேலைக்குச் சேர்ந்த பழைய மாணவன் ஒருவன் இதை ஒரு வெளிநாட்டுப் பயணியிடம் “த டிரைவர் டோல்ட் ஐ வில் கம் அட் ஃபைவ்” என்று சொல்லியிருக்கிறான். ஐந்து மணிக்கு வரப்போவது இந்தத் தம்பிதான் என்று பயணி எடுத்துக்கொண்டார். அவர் வரவேற்பு மேசையில் இவனைப் பார்த்துக் காத்திருக்க, டிரைவர் வெளி வாசலில் வானோடு காத்திருந்தார். பாதி மாலை வீணானது. அவனுக்குக் கிடைத்த ஏச்சு ஆங்கிலம் தெரியாததற்காக அல்ல, பொறுப்பில்லாததற்காக. பொறுப்பில்லாதவன் என்ற பெயர் அவன்மீது ஒட்டிக்கொண்டதுதான் என்னை அதிகம் வருத்தியது. அவனைப்போல் நேரம் தவறாதவன் எங்கள் வகுப்பில் இருந்ததில்லை.

இந்த இரண்டு பிழைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். “ஐ டோன்ட் நோ வெயார் இஸ் ஹி” என்பதைக் கேட்ட எவரும் பொருளைப் பிழையாக விளங்கிக்கொள்ள மாட்டார்கள். அயர்லாந்து ஆங்கிலத்தில் பிறப்பிலேயே ஆங்கிலம் பேசுபவர்கள் இதை ஒத்த அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். இந்திய ஆங்கிலத்திலும் அது பரவலாக உண்டு. ஆனால் ‘ஐ’ என்பதும் ‘ஹி’ என்பதும் மாறினால் வேலை யாருடையது, கடன் யாருடையது, வாக்குறுதி யாருடையது என்பதே மாறிவிடுகிறது. நம் வகுப்பறைகள் முதலாவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, இரண்டாவதை ஒரு பாடத்தில் முடிக்கின்றன. இது தலைகீழாக வேண்டும் என்பது என் உறுதியான நம்பிக்கை. கால மாற்றத்துக்கும் இதுவே. சொன்ன விடயம் இனிமேல்தான் நடக்கப்போகிறது என்றால் “ஹி செட் ஹி வில் கம்” என்பதை ஆங்கிலேயரும் சொல்வார்கள். அதைப் பிழையென்று சிவப்பு மையால் கோடிடும் வழக்கம் இலக்கணத்தைவிட இறுகிப்போன வழக்கம்.

தமிழ் ஆங்கிலத்தைவிட நுட்பமாக இருக்கும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். “அவர் லீவு எடுத்தது தெரியும்” என்றால் அது நடந்த உண்மை. “லீவு எடுத்தார் என்று சொன்னார்கள்” என்றால் சொல்பவர்கள் சொன்னார்கள். “லீவு எடுத்ததாகச் சொல்கிறார்கள்” என்றால் நான் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன். தோமஸ் லேமன் 1989இல் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கணத்தில் இந்த அமைப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விளக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தின் ‘தட்’ இந்த வேறுபாட்டைக் காட்டாது. அதற்கு முன்னால் வரும் வினையே காட்ட வேண்டும்: ‘செட்’, ‘ரிப்போர்ட்டட்’, ‘கன்ஃபோர்ம்ட்’, ‘க்ளெய்ம்ட்’. 2004இன் கடல்கோளுக்குப் பின் மட்டக்களப்பு மாவட்டத்துக்குத் தொண்டு நிறுவனங்கள் திரண்டு வந்தபோது, ஓரளவு ஆங்கிலம் தெரிந்த நம் இளைஞர் பலருக்குக் கிடைத்த முதல் வேலை களத்தில் கேட்டதை அறிக்கையாக எழுதுவது. வள்ளத்தையும் வலையையும் இழந்ததாக ஒரு தாய் சொல்கிறாள். அதை ‘க்ளெய்ம்ட்’ என்று எழுதினால் கொழும்பில் படிப்பவர் அவள் சொன்னதைச் சந்தேகிப்பார். ‘செட்’ என்று எழுதினால் சந்தேகிக்க மாட்டார். அகராதியில் இரண்டுக்கும் ‘கூறினார்’ என்றே பொருள் பார்த்து எழுதியவர்கள் உண்டு. சொல் தேர்வில் ஒரு குடும்பத்தின் நியாயம் தங்கியிருக்கும் இத்தகைய இடத்தை எந்தப் பாடநூலும் நமக்குக் கற்பிக்கவில்லை.

தொழில் என்ற கருப்பொருளை ஆங்கிலப் பாடத்தில் சேர்ப்பது பற்றிப் பேசும்போது ஒரு பழைய ஏமாற்றம் நினைவுக்கு வருகிறது. பாடநூல்களில் தொழில் பற்றிய அலகு இல்லாமல் இல்லை. விமானி, வைத்தியர், விஞ்ஞானி, நீ பெரியவனானால் என்னவாக விரும்புகிறாய் என்ற கேள்வி. அதில் மேசன், டெய்லர், மீன் வாடிக்காரர், நெல் வியாபாரி, சவூதிக்குப் போன உம்மா, யாரும் இல்லை. யாழ்ப்பாணத்தவரான சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூலில், போர்க்காலத்தில் யாழ் பல்கலைக்கழக மாணவர்கள் ஓர் அமெரிக்கப் பாடநூலோடு பட்ட பாட்டை விரிவாக எழுதினார். அந்த நூலின் ஓரங்களில் மாணவர் வரைந்த படங்களையும் எழுதிய குறிப்புகளையும் அவர் சேகரித்துப் படித்தார். பரீட்சைக்காக ஆங்கிலத்தை ஏற்றுக்கொண்டபடியே, அந்நூலின் உலகத்தைத் தம் உலகமாக ஏற்க மறுத்தவர்கள் அவர்கள். இலக்கணத்தைத் தொழிலோடு சேர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நியூயோர்க் அலுவலகத்தின் உரையாடலை ஏறாவூருக்குக் கொண்டுவந்தால் அதே ஓரக் குறிப்புகள்தான் திரும்ப வரும்.

இதற்கு நேரெதிரான முன்மாதிரி பக்கத்திலேயே உண்டு. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பரிசோதனை பெங்களூர்த் திட்டம் என்று பெயர் பெற்றது. சென்னையிலும் கடலூரிலும்கூட வகுப்புகள் நடந்தன. இலக்கணத்தைப் பாடமாக வைக்காமல், புகையிரத நேர அட்டவணை, வரைபடம், கணக்கு போன்ற பணிகளை மாணவரிடம் கொடுத்து, பொருளில் மனம் செல்லும்போது வடிவம் தானாக வரும் என்று அவர் வாதிட்டார். அவர் முழுவதும் சரியென்று நான் நினைக்கவில்லை. ஆளை மாற்றிச் சொல்லும் பிழை பணி மூலம் மட்டும் தானாகத் திருந்தியதை நான் கண்டதில்லை. அதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் பணியிலிருந்து தொடங்கு என்ற அவருடைய அடிப்படை நமக்கு மிகவும் பொருந்தும். ஏறாவூர் நிலையத்தில் உதயதேவி எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒருவர் கேட்டுவரச் சொல்ல, மற்றவர் கேட்டுவந்து சொல்லும் பயிற்சியில் நவுன் க்ளோஸ் இரண்டு முறை தானாகவே வந்துவிடுகிறது.

2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டாக அரசாங்கம் அறிவித்தபோது, நம் முறையில் ஆங்கிலம் பேசுவோம் என்ற முழக்கம் வந்தது. பிழைவிடும் பயத்தைப் போக்குவதே அதன் நோக்கம். மனீக் குணசேகரவின் 2005ஆம் ஆண்டு நூலும் மைக்கல் மெய்லரின் 2007ஆம் ஆண்டு அகராதியும் இலங்கை ஆங்கிலத்துக்கு ஏற்கெனவே ஒரு முகவரியைக் கொடுத்திருந்தன. அந்த முழக்கம் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். குறை எங்கே என்றால், நம் முறையில் எது இருக்கலாம், எது வேலையைக் கெடுக்கும் என்று அது பிரித்துச் சொல்லவில்லை. பரீட்சைத் தாளும் மாறவில்லை.

மரியாதை பற்றி இலக்கணப் புத்தகங்கள் பேசுவதே இல்லை. அது நம்மவருக்குப் பெரிய விடயம். “எப்ப வருவீங்க?” என்று தமிழில் கேட்டால் மரியாதை வினையின் கடைசியில் இருக்கிறது. “வென் வில் யூ கம்?” என்று மனேஜரிடம் ஆங்கிலத்தில் கேட்டால் அது அதட்டலாகக் கேட்கும். ‘யூ’வில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. ஆங்கிலம் அந்த மரியாதையைத் துணைவாக்கியத்தில் வைத்திருக்கிறது: “குட் யூ டெல் மீ வென் யூ வில் பீ ஹியர்?” கேள்வியை இன்னொரு கேள்விக்குள் மடித்துக் கொடுப்பதுதான் அங்கே ‘ங்க’ சேர்ப்பது. காக்கா, மச்சான், சேர், டீச்சர் என்று ஆளுக்கு ஆள் முறை வைத்துப் பேசிப் பழகிய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். நேர்முகப் பரீட்சையில் திறமை இருந்தும் முரடர் என்று தவறாக எடைபோடப்பட்டவர்களுக்கு இந்த ஒரு பாடம் முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

பரீட்சை பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு முடியாது. சாதாரண தரத்திலிருந்து உயர்தரத்துக்குப் போகத் தாய்மொழியும் கணிதமும் கேட்கப்படுகின்றன, ஆங்கிலம் கேட்கப்படுவதில்லை. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் உண்டு. ஆனால் அதன் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது. ஆகவே பிள்ளைகள் அதில் நேரம் செலவிடாததை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தக் கணக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இதே பிள்ளை வெளிநாட்டில் தாதியாகப் போக ஐஈஎல்டிஎஸ் எழுத உட்காரும்போது, வருடக்கணக்கில் யாரும் கேட்காத இடமாற்றப் பிழைக்கும் புள்ளி குறைகிறது. அந்தப் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு மட்டும், கடைசி வாரங்களில், நான் அந்த ஆறாவது படியை விடாப்பிடியாகப் பயிற்றுகிறேன். மற்றவர்களுக்கு அதை வற்புறுத்துவதில்லை.

செய்யக்கூடியது ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. தையல், மின்னிணைப்பு, வெல்டிங், ஹோட்டல் பணி என்று தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்குப் படிப்பவர்களின் பயிற்சி நிலையங்களில், ஆங்கிலப் பகுதியை ஷிஃப்ட் ஒப்படைப்புக் குறிப்பு எழுதும் பயிற்சியைச் சுற்றி அமைக்கலாம். நாங்கள் எங்கள் வகுப்பில் செய்வது இது: முதலில் வாயால், நம் பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டும். “ஏழாம் மெசின் நூல் அறுக்குது எண்டு பாத்திமா சொன்னா. மெக்கானிக் எப்ப வருவார் எண்டு தெரியா. பையர் நாளைக்கு வாறாரா எண்டு மனேஜர்ட்ட கேக்கணும்.” பிறகு ஒவ்வொரு ‘எண்டு’வின் கீழும் கோடு போட்டு, அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து, தலைமை வினையை முன்னால் கொண்டுவந்து, ஆங்கிலத்தில் மூன்று வரி. யார் சொன்னார், யார் செய்வார் என்பது சரியாக இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவர் சரிபார்க்க வேண்டும். இதற்குப் புத்தகம் வேண்டாம், கணினி வேண்டாம். நாற்பது நிமிடம் போதும். சான்றிதழுக்கான மதிப்பீட்டிலும் இதையே வைக்கலாம்: அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருபவர் அந்த மூன்று வரியைப் படித்துவிட்டு யாரிடமும் கேட்காமல் வேலையைத் தொடங்க முடிந்தால் முழுப் புள்ளி.